கூரை மாறிக்கொண்டே இருக்கும் வீடு



மலாக்காவின் உம்பாய் கடற்கரையில் சனிக்கிழமை இரவு ஈக்கான் பாக்கார் (சுட்ட மீன்) சாப்பிடப் போனால், பி. ரம்லியின் குரலைக் கேட்காமல் திரும்ப முடியாது. புகைக்கும் சம்பல் நெடிக்கும் நடுவே ஏதாவது ஒரு கடை ஒலிபெருக்கியில் அவர் பாடிக்கொண்டிருப்பார். அண்மையில் அப்படி ஒரு இரவில் பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம். தாத்தா பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தபடி இறால் ஓடு உரித்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு ஆச்சரியம். “தாத்தா, இந்தப் பாட்டு முழுசும் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். “தோட்டத்துத் திடல்ல படம் போடுவாங்கம்மா. எம்.ஜி.ஆர். வந்தாலும் போவோம், ரம்லி வந்தாலும் போவோம். பாயை மட்டும் மறக்காமக் கொண்டு போவோம்” என்றார் அவர்.

அந்த ரம்லி பிறந்த வீட்டைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்கு போனபோது பார்த்துவிட்டு வந்தேன். கொடிமலை, பாலதண்டாயுதபாணி கோயில், நாசி கண்டார் என்று போடும் பட்டியலில் நம்மவர்கள் பலர் இந்த வீட்டைச் சேர்ப்பதில்லை. போன முறை வரை நானும் சேர்க்கவில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு காலத்தில் கவுண்டர் ஹால் சாலை என்று அழைக்கப்பட்ட சாலைக்கு இன்று ஜாலான் பி. ரம்லி என்று பெயர். சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது. நடுவில் கம்பத்திலிருந்து தூக்கி வைத்தாற்போல ஒரு சின்ன மரவீடு. குட்டையான தூண்களின் மேல் நிற்கும் பலகைத் தரை, பலகைச் சுவர், மேலே அத்தாப்புக் கூரை. 1926ஆம் ஆண்டு ரம்லியின் தந்தை தெயுக்கு ஞாக் புத்தேவும் உறவுக்காரர் ஒருவரும் சேர்ந்து கட்டியது. தந்தை ஆச்சேயிலிருந்து வந்த கப்பலோட்டி. தாய் சே மா, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்துக் குபாங் புவாயாவைச் சேர்ந்தவர். 1929 மார்ச் 22 அன்று அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தெயுக்கு ஜக்கரியா என்று பெயர் வைத்தார்கள். பின்னால் அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரில் முன்னெழுத்தாக நிற்கும் ‘பி’, தந்தையின் புத்தே.

வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும். எங்களோடு வந்திருந்த அத்தைக்கு எழுபதைத் தாண்டிய வயது. மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, பிள்ளைகளை ஆளாக்கியவர். படியேறி உள்ளே நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரைக் கையால் தட்டினார். பலகை இடுக்கு வழியே தெரிந்த மண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “நம்ம லயத்து வீட்டவிட கொஞ்சம் பெருசு. அவ்வளவுதான். இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தே?”

சிரித்துவிட்டோம். ஆனால் அத்தை சொன்னது ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. இந்த வீடு அளவிலும் பொருளிலும் நம் லயத்து வீட்டுக்கு அண்ணன் தம்பிதான். அதே பலகை, ஒரு காலத்தில் நம் லயங்களின் மேலும் கிடந்த அதே அத்தாப்பு. ஒன்று மட்டும் நிற்கிறது, மற்றவை மண்ணோடு போயின. பலகை உறுதியாக இருந்ததாலா நின்றது? இல்லை. ஒரு கட்டத்தில் அந்த வீடும் விழுகிற நிலைக்கு வந்துவிட்டது. தேசிய ஆவணக் காப்பகம் எடுத்துச் சீரமைத்ததால்தான் இன்று உள்ளே போய் நிற்க முடிகிறது.

அத்தாப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உம்பாய், பெர்னு, செர்காம் பக்கம் கடலோரச் சேற்றில் நிற்குமே நிப்பா, அதன் ஓலைதான். மட்டையிலிருந்து இலைகளைக் கிழித்தெடுத்து, ஒரு நீளக் குச்சியின் மேல் ஒவ்வொன்றாக மடித்துப் போட்டு, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும்படி பிரம்பு நாரால் தைத்துக்கொண்டே போவார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி வரும். அப்படிப் பல தட்டிகளை இறவாரத்திலிருந்து தொடங்கி முகடு வரை வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். நெருக்கமாகக் கட்டினால் பல ஆண்டு தாங்கும். கஞ்சத்தனமாக இடைவெளி விட்டால் இரண்டாம் மழைக்கே உள்ளே வாளி வைக்க வேண்டியதுதான். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சில ஆண்டுகளில் நைந்து போகும். பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வேய வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அடுப்பெரியும் வீட்டில் ஓலை நீடிக்கும் என்பார்கள் பெரியவர்கள். விறகுப் புகை ஏறி ஏறி ஓலை கறுத்துப் போகும், பூச்சி அண்டாது, ஈரமும் தங்காது. ஆள் இல்லாத வீட்டுக் கூரைதான் முதலில் கெடும். ஒரு வீட்டை நினைவில்லம் ஆக்கிவிட்டால் அடுப்பு அணைந்துவிடுகிறது. அதன் பிறகு கூரையைக் காப்பாற்றப் புகைக்குப் பதிலாக அரசாங்கப் பணம் வர வேண்டும், யாராவது கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும், அத்தாப்புத் தைக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். ரம்லி வீட்டுக்கு அது நடக்கிறது. ஆகவே அங்கே போய், ‘இதுதான் அவர் தலைக்கு மேல் இருந்த ஓலை’ என்று உருகுவதில் பொருளில்லை. அந்த ஓலை எப்போதோ மக்கிப் போயிற்று. இடம் அதுதான், வடிவம் அதுதான், பொருளைத்தான் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். இது போலி என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரவீட்டுக்கு வேறு வழியே கிடையாது.

இப்படி ஒரு வீட்டிலிருந்து கிளம்பியவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பாட்டுக் கற்றார். போர் முடிந்ததும் கம்பத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு வாத்தியக் குழு நடத்தினார். வட மலாயாப் பாட்டுப் போட்டிகளில் படிப்படியாக ஏறி, 1947ல் முதலிடம் பிடித்தார். மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் மேடையேறி அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூருக்கு வா என்று அழைத்தார். 1948 ஆகஸ்டில் ரம்லி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் மலாய் படப்பிடிப்புத் தளத்தில் முதலில் பின்னணிப் பாடகர். அதே ஆண்டு வந்த ‘சிந்தா’ படத்தில் வில்லன் வேடம் போட்டார், கதாநாயகனுக்குக் குரலும் கொடுத்தார்.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். அந்தக் காலத்து மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ராஜ்ஹன்ஸ் பஞ்சாபியர், பணி மஜும்தார் வங்காளி, எஸ். ராமநாதன் தமிழர். அவர்கள் நடுவில் கிருஷ்ணனுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் இந்த மண்ணிலேயே வளர்ந்தவர், மலாய் மொழி அவருக்குத் தெருவில் பழகியது. 1950ல் வந்த ‘பக்தி’ படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் அவர்தான். ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடுவதே வழக்கமாக இருந்தபோது, நடிக்கிறவனே பாடட்டும் என்று ரம்லியின் வாய்க்கு ரம்லியின் குரலையே கொடுத்ததும் அந்தப் படம்தான். முகத்தில் பரு இருக்கிறது, கதாநாயகனுக்கு ஏற்ற முகமா இது என்று பேசப்பட்ட இளைஞரை நம்பிக் கேமராவை வைத்தவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வதில் தவறில்லை. கிருஷ்ணன் 2013ல் காலமானார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கு எத்தனை தமிழ்ப்பள்ளிகளில் கை உயரும்? ரம்லி பெயருக்கு எல்லாக் கையும் உயரும்.

அப்புறம் நடந்தவற்றை விரித்தால் இந்தப் பக்கம் போதாது. 1955ல் ‘பெனாரெக் பெச்சா’ மூலம் இயக்குநரானார். 1956ல் பணி மஜும்தார் இயக்கிய வண்ணப்படம் ‘ஹாங் துவா’வில் நம் மலாக்கா வீரனாகவே நடித்து இசையும் அமைத்தார். ‘அனாக்கூ சசாலி’க்காக 1957ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது. ‘பூஜாங் லாப்போக்’ வரிசைப் படங்கள். 1962ல் ‘இபு மெர்துவாக்கூ’. அந்தப் படத்தில் பார்வை இழந்த சாக்ஸஃபோன் கலைஞனுக்காகக் கண்ணீர் விட்ட தோட்டத்துப் பெண்களில் என் அத்தையும் ஒருவர். 1964ல் கோலாலம்பூருக்கு மாறினார். அதன் பிறகு இறங்குமுகம். ரசனை மாறியது, கித்தார் குழுக்கள் வந்தன, அவருடைய படங்களுக்குக் கூட்டம் குறைந்தது. 1973 மே 29ஆம் நாள் மாரடைப்பு. வயது 44. கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. 66 படங்களில் நடித்தவர். டான் ஸ்ரீ பட்டம் வந்தது 1990ல், போய்ச் சேர்ந்து பதினேழு ஆண்டு கழித்து.

கோலாலம்பூர் செத்தாபாக்கில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடும் இப்போது நினைவு நூலகம். 1986 மார்ச் 22ல், அவருடைய பிறந்த நாளன்று திறந்தார்கள். பியானோ, உடைகள், விருதுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பொருளைப் பார்க்க விரும்புகிறவர்கள் செத்தாபாக் போகலாம். எனக்கென்னவோ அந்தக் கல்வீட்டைவிடப் பினாங்கு மரவீடுதான் பிடித்தது. அங்கே பார்க்கப் பொருள் குறைவு. அதனாலேயே, ஒரு பையன் இந்தப் பலகையில் படுத்துக்கொண்டு மழைச் சத்தம் கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்க இடம் கிடைக்கிறது.

ஹாங் துவா என்றதும் நம் பக்கத்து டுயோங் நினைவுக்கு வருகிறது. அங்கே ஹாங் துவா கிணறு இருக்கிறது, பக்கத்தில் ஹாங் துவாவுக்கும் அவருடைய நான்கு தோழர்களுக்கும் கம்பத்து வீடுகளைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அழகான வீடுகள், குறை சொல்ல மாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். காப்பியத்து நாயகனுக்கு விசாலமான வீடு, அவனாக நடித்த, நம் தாத்தாக்கள் திரையில் கண்ணால் பார்த்த மனிதனுக்குக் கையகல வீடு. இரண்டையும் ஒரே விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டினால் நல்லது என்பேன்.

ஏ.எம்.ஜே. சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மெர்லிமாவில் பெங்ஹுலு அப்துல் கனியின் வீடு. 1894ல் கட்டியது. வாசல் படிக்கட்டு முழுக்க வண்ணப் பூ ஓடு பதித்திருப்பார்கள், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது கலைஞன் வீடு அல்ல, ஊர்த்தலைவர் வீடு. அது நிற்பதற்குக் காரணம் வேறு. குடும்பம் கைவிடவில்லை. கட்டியவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நெடுங்காலம் அடுப்பு அணையவில்லை. ஆனால் அந்த ஓட்டைப் பதித்த கொத்தன் யார், சன்னலுக்கு மேல் பூவேலை செதுக்கிய தச்சன் யார் என்று கேட்டால்? வீட்டுக்காரர் பெயர் நிற்கிறது, கைக்காரர் பெயர் நிற்கவில்லை. எல்லா ஊரிலும் இதே கதைதான்.

வீடு கல்லாக இருந்தால் கதை வேறு. நம்மவர் ஒருவர் கல்வீட்டில் வாழ்ந்த கதை ஒன்று உண்டு, நம் பக்கம் அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். சிவ தாண்டவத்தின் பொருளை மேல்நாட்டுக்குச் சொன்னவர். 1877ல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழர், தாய் ஆங்கிலேயப் பெண்மணி. இலங்கையில் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தபோது பாறையைத் தேடிப் போனவர், கிராமத்துக் கைவினைஞர்களைக் கண்டுகொண்டு திரும்பினார். 1907 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் கிராமமான பிராட் கேம்டனில் மனைவி எத்தலோடு குடியேறினார். அந்த வீட்டின் பெயர் நார்மன் சேப்பல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய சிறு தேவாலயம், இடிந்து கிடந்ததை ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் அவர்களுக்காக வீடாக்கிக் கொடுத்தார். ஆஷ்பி நடத்திய அச்சகத்தையும் குமாரசுவாமி எடுத்துக்கொண்டார். கையால் இயக்கும் அச்சுப்பொறி. முன்பு வில்லியம் மாரிஸ் தம் அழகுப் புத்தகங்களை அச்சிட்ட அதே பொறி. அதில் பதினைந்து மாதம் போலப் பாடுபட்டு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெரிய நூலை 1908ல் கொண்டுவந்தார். மொத்தம் 425 படிகள். படங்களை எடுத்தவர் எத்தல். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற நெசவுக் கலைஞர் ஆனார்.

கண்டிப் பக்கத்துத் தச்சரையும் கருமானையும் நெசவாளியையும் பற்றிய புத்தகம், ஆங்கிலேயக் கிராமத்தில் ஒரு தமிழர் வீட்டில் அச்சேறியது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். வீட்டுக்கு எண்ணூறு வயது, கல் தாங்கிக்கொண்டது. ஆனால் குமாரசுவாமி எழுதியது கல்வீட்டுக்காரர்களைப் பற்றி அல்ல. ஓலைக்கூரையின் கீழ் உட்கார்ந்து உளி பிடித்தவர்களைப் பற்றி. அவர்கள் வீடு போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் போய்ப் பார்த்து, கேட்டு, படம் எடுத்து, எழுதி வைத்தார்.

இனி நம் லயங்களுக்கு வருகிறேன்.

ஜாசின் மாவட்டத்துத் தோட்டங்களில் பழைய லயங்கள் எப்படி இருந்தன என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் அறை அறையாகத் தடுத்த குடும்பங்கள். தடுப்புச் சுவர் கூரை வரை போகாது. முதல் வீட்டில் குழந்தை அழுதால் கடைசி வீட்டில் தாலாட்டுவார்கள். அத்தாப்பு போய்த் தகரம் வந்தது. பின்பு தனித்தனி வீடுகள் வந்தன. 1990ல் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம் வந்தபோது பல தோட்டங்களில் ரப்பரே போய்ச் செம்பனை வந்திருந்தது, ஆட்களும் பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். தோட்டம் கைமாறியது, துண்டாடப்பட்டது, தாமான் ஆனது. லயத்தை இடிக்கிற நாளில் யாரும் படம் எடுக்கவில்லை. வயிற்றைப் பார்க்கிற நாளில் கேமராவுக்கு எங்கே போவது?

அந்த லயங்களிலும் கலைஞர்கள் இருந்தார்கள். அத்தை இருந்த தோட்டத்தில் ஒரு நாடக வாத்தியார் இருந்தாராம். விடியலில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மத்தியானம் வரை மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வந்து குளிப்பார். இராத்திரி எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் பெட்ரோமாக்ஸ் எரியும். அரிச்சந்திரனும் பவளக்கொடியும் அங்கேதான் உருவானார்கள். வசனம் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுத்து மனனம் செய்ய வைப்பார். சந்திரமதி வேடத்துக்கு ஆள் கிடைக்காமல், மீசை அரும்பாத பையன்களை வலை வீசித் தேடுவாராம்.

அந்த வாத்தியார் தம் கையாலேயே படுதாவும் எழுதினார். கோதுமை மாவுச் சாக்குகளைப் பிரித்து, துவைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தது. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, துணிக்குப் போடும் நீலத்தில் வானம், காவியில் அரண்மனை, அடுப்புக்கரியில் சுடுகாடு. சாக்கின் மேல் இருந்த ஆலை முத்திரை முழுதாய் மறையாமல், காசி நகர அரண்மனைச் சுவரில் ஒரு கங்காரு மங்கலாகத் தெரியும் என்று சொல்லி அத்தை இன்றைக்கும் சிரிக்கிறார். திருவிழா முடிந்ததும் படுதாவை மூங்கிலில் சுருட்டி வீட்டு உத்தரத்தில் ஏற்றி வைப்பார். அது அவர் வீட்டில்தான் இருந்தது. வாத்தியார் போனார். மகன்கள் ஜொகூருக்குப் போனார்கள். லயம் போனது. படுதா என்ன ஆயிற்று என்று கேட்டேன். “எறும்பு தின்னதோ, எவனாச்சும் கோழிக் கொட்டாய்க்கு மறைப்பாக் கட்டுனானோ, யாரு கண்டா?” என்றார் அத்தை.

அந்த வீட்டை இனித் திரும்பக் கட்ட முடியாது. ரம்லி வீட்டுக்குக் கிடைத்ததுபோல் ஓர் ஆவணக் காப்பகம் வந்து எடுத்திருக்குமா என்று கேட்பதும் வீண். வாத்தியார் 66 படம் நடிக்கவில்லை, அவர் பெயரில் சாலையும் வரப்போவதில்லை. அரசாங்கம் எல்லா வீட்டையும் காக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதுவது சுலபம். நான் எழுதப் போவதில்லை. நாம் செய்ய வேண்டியதை நாமே செய்யாமல் இருந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பத்திரிகை கேட்டால் வாசகர்கள் செய்வார்கள் என்பதற்கு நம் மொழியிலேயே முன்மாதிரி இருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுந்தது அப்படித்தான். கல்கி தம் பத்திரிகையில் கேட்டார், வாசகர்கள் தங்களால் ஆனதை அனுப்பினார்கள், 1947ல் மண்டபம் திறக்கப்பட்டது. பாரதி பிறந்த வீடும் அதே ஊரில் இன்று நினைவில்லமாக இருக்கிறது. அவர் கடைசியாக வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டைத் தமிழக அரசு வாங்கிச் சீரமைத்து 1993ல் திறந்தது, அவர் மறைந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. பாரதிக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால் நம் படுதா வாத்தியாரை யார் தேடி வரப்போகிறார்கள்?

நான் கல்கி அல்ல, உங்களிடம் பணமும் கேட்கப் போவதில்லை. கேட்பது வேறு.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில், கம்பங்களில், சிற்றூர்களில் நம் கலைஞர்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். நாடக வாத்தியார் மட்டும் அல்ல. தப்பு அடித்தவர், உறுமி கட்டியவர், காவடிச் சிந்து பாடியவர், ஹார்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர், முனியாண்டி சிலைக்கு ஆண்டுக்கொரு முறை வண்ணம் தீட்டியவர், ஒப்பாரியில் ஊரையே நிறுத்தியவர், மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்ட அம்மா. காஜா பெராங் மலாக்கா செட்டிகள் பக்கத்திலிருந்தும் எழுதுங்கள். மலாய்ப் பந்தூனைத் தமிழ்க் கல்யாணத்தில் பாடிய பாட்டிகள் உங்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். நம் லயத்துப் பக்கத்தில் குடியிருந்த மலாய்க்கார வயலின்காரர், சீனப் பொம்மலாட்டக்காரர் யாரும் இருந்தால் அவரையும் விட்டுவிட வேண்டாம்.

எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. புகழ்ச்சி வேண்டாம். ‘கலைத்தாயின் தவப்புதல்வர்’ என்று தொடங்கும் கட்டுரைகள் ஏற்கனவே என் மேசையில் அடுக்காகக் கிடக்கின்றன, அச்சில் வராமல். அந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள், தப்பை எங்கே மாட்டி வைத்திருந்தார், தோலைக் காய்ச்ச எந்த அடுப்பு, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் சண்டை போட்டாரா, ஒத்திகை பார்க்க எந்த மரத்தடி. இவைதான் வேண்டும். முடிந்தால் வீட்டை ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. வாசல் எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று குறித்தால் போதும். எழுத வராத பெரியவர்கள் பேசுவதைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பலாம். நாங்கள் கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஆனால் பெரியவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

புகைப்படம் இருந்தால் மூலப்படத்தை அஞ்சலில் போடாதீர்கள். கைப்பேசியில் நேராக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். கல்யாணப் படமாக இருந்தாலும் அனுப்புங்கள். மணமக்களுக்குப் பின்னால் லயத்துச் சுவரும் வாசலும் விழுந்திருக்கும். பல வீடுகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அதுவாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இடத்தைக் குறிக்கும்போது இப்போதைய தாமான் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தோட்டத்தின் பழைய பெயர், டிவிஷன், லயத்து எண், கங்காணி பெயரால் வழங்கிய பெயர் இருந்தால் அதுவும் வேண்டும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கிடைத்தால் முதல் பகுதியில் சேர்க்க வசதியாக இருக்கும். அத்தையின் நாடக வாத்தியாரைப் பற்றி நானே எழுதித் தொடங்கி வைக்கிறேன். அவருடைய மகன்கள் ஜொகூரில் எங்கே இருந்தாலும் இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கங்காரு விஷயம் உண்மையா என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்